உடற்பயிற்சிக்கு ஒரு விளையாட்டு வண்டி

உடற்பயிற்சியின் நன்மையை அறியாதவர் இன்று எவரும் இலர். அறிந்தும் செய்யாதவரே பலர். இதற்குச் சோம்பலே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது முழு விடை ஆகாது. ஒரு சிறுவனை அழைத்து, "இந்தத் திடலைப் பத்து முறை சுற்றி ஓடு" என்று சொல்லுங்கள். மூன்றாம் சுற்றிலேயே நின்றுவிடுவான். அவன் கையில் ஒரு பழைய டயரையும் ஒரு குச்சியையும் கொடுங்கள். பொழுது சாயும் வரை ஊர் முழுதும் ஓடிக்கொண்டிருப்பான். முன்பு ஓடியவையும் பின்பு ஓடியவையும் அதே கால்கள்தாம். இடையில் வந்து சேர்ந்தது ஒரு சக்கரம். சக்கரத்தோடு வந்து சேர்ந்தது விளையாட்டு.

இந்தச் சக்கரத்தைப் பெரியவர்கள் கையிலும் கொடுக்க முடியுமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. எண்ணெயும் மின்சாரமும் இன்றி, உடலின் ஆற்றல் ஒன்றினாலேயே ஓடி, ஓட்டுபவருக்குப் பயிற்சியும் மகிழ்ச்சியும் ஒருங்கே தரும் வண்டி ஒன்றை எவ்வாறு வடிவமைப்பது என்பதைப் பொறியியல் பயிலும் மாணவன் என்ற முறையில் படிப்படியாக விளக்க முற்படுகிறேன். கணக்குகள் சில வரும். அஞ்ச வேண்டா, பள்ளியில் கற்ற பெருக்கலும் வகுத்தலுமே பெரும்பாலும் போதும்.

யாருக்காக இவ்வண்டி?

எந்தப் பொறியை அமைப்பதாயினும் முதலில் கேட்க வேண்டியது, அது யாருக்காக என்பதே. என் ஊர் சித்தூர் மாவட்டத்துப் பங்காருபாளையம். சித்தூரிலிருந்து பலமனேர் செல்லும் நெடுஞ்சாலையில், மாந்தோப்புகள் சூழ அமைந்த ஊர். எங்கள் ஊர் இளைஞர்கள் கபடியும் கிரிக்கெட்டும் ஆடுகிறார்கள். மாணவியர் பலர் சைக்கிளில் பள்ளிக்குச் செல்கிறார்கள். ஆனால் படிப்பு முடிந்ததும் பெண்களுக்கு அந்தச் சைக்கிளும் நின்றுவிடுகிறது. நாற்பதைக் கடந்தவர்களைப் பார்த்து மருத்துவர், "தினமும் நடங்கள்" என்கிறார். எங்கே நடப்பது? லாரிகள் விரையும் சாலையோரத்திலா? நான்கு நாள் நடக்கிறார்கள். ஐந்தாம் நாள் விட்டுவிடுகிறார்கள்.

இத்தகையவர்களிடம், "சைக்கிள் ஓட்டலாமே" என்று நான் கேட்டதுண்டு. வந்த விடைகள் இரண்டே. "விழுந்துவிடுவேன்" என்பது ஒன்று. "மேட்டில் மிதிக்க முடியாது" என்பது மற்றொன்று. முன்னது அச்சம், பின்னது பளு. இவ்விரண்டையும் நீக்கிவிட்டால் பெரியவர்களும் சக்கரத்தை நாடி வருவார்கள் என்பது என் துணிபு.

அச்சம் நீங்கினால் என்ன நிகழும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள், பெண்கள் சைக்கிள் கற்பதையும் அவ்வியக்கத்தின் ஒரு பகுதி ஆக்கினார். வயல் வேலை செய்வோரும் கல் உடைப்போருமாகப் பல்லாயிரம் சிற்றூர்ப் பெண்கள் சைக்கிள் ஏறினர். அங்கே அச்சத்தை நீக்கியது பயிற்சி. விழுந்து எழுந்து கற்கும் வயதைக் கடந்தவர்களுக்கோ, வண்டியின் வடிவமே அவ்வச்சத்தை நீக்கியாக வேண்டும்.

குழந்தைகளால் பிறந்த புதுமைகள்

விழாத வண்டிக்கு நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் வீட்டு நடைவண்டியைப் பாருங்கள். மூன்று சக்கரம், தாழ்ந்த சட்டம், பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி. இன்னும் நடக்கத் தெரியாத குழந்தையை நம்பி அதனிடம் ஒப்படைக்கிறோம். மூன்று புள்ளிகளில் ஊன்றி நிற்பது எதுவும் மேடுபள்ளமான தரையிலும் ஆடாது நிற்கும். நான்கு கால் நாற்காலி ஆடும், முக்காலி ஆடாது. தச்சர் அறிந்த இவ்வுண்மையே நம் வண்டியின் அடிப்படை.

மேல்நாட்டிலும் சக்கர வண்டிகளின் வளர்ச்சியில் குழந்தைகளுக்குப் பங்கு உண்டு. 1817இல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பவர் இரு சக்கர ஓட்டப்பொறி ஒன்றை ஓட்டிக் காட்டினார். அதற்குப் பெடல் இல்லை. கால்களால் தரையை உந்தியே செல்ல வேண்டும். பின்னர் முன்சக்கரத்திலேயே பெடலைப் பொருத்தினர். பியேர் லல்மான் என்பவர் 1866இல் அமெரிக்காவில் அதற்கு உரிமம் பெற்றார். பெடல் ஒரு முறை சுற்றினால் சக்கரமும் ஒரு முறையே சுற்றும். ஆகவே விரைவு வேண்டியவர்கள் சக்கரத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போயினர். ஆள் உயரத்தில் ஏறி அமர்ந்தவர்கள் தலைகுப்புற விழுந்தனர். 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவரின் 'ரோவர்' வண்டி, பின்சக்கரத்தைச் செயினால் சுழற்றி, சிறிய சக்கரத்திலேயே அவ்விரைவைத் தந்தது. இன்று நாம் ஓட்டும் சைக்கிளின் முன்னோடி அதுவே.

காற்றடைத்த டயரின் கதை இன்னும் சுவையானது. பெல்பாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் ஜான் பாய்டு டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டி கரடுமுரடான தெருவில் குலுங்காமல் ஓட வேண்டும் என்று எண்ணியே காற்றடைத்த டயரை ஆராய்ந்தார். 1888இல் உரிமம் பெற்றார். தாம்சன் என்பவர் 1845இலேயே அதைக் கண்டிருந்தார் எனினும், உலகுக்குப் பயன்பட்டது டன்லப்பின் முயற்சியே.

பிரான்சில் சார்லஸ் மோஷே என்பவர், சைக்கிளில் சென்றால் மகன் விழுந்துவிடுவான் என்று மனைவி அஞ்சியதால், மகன் ஜார்ஜுக்கு நான்கு சக்கர மிதிவண்டி ஒன்றைச் செய்து கொடுத்தார். அது மிக நன்றாக ஓடவே, பெரியவர்களுக்கும் சாய்ந்து அமர்ந்து மிதிக்கும் வண்டிகளை அமைத்தார். அவற்றின் வழியில் வந்த இரு சக்கர வண்டி ஒன்றில் 1933இல் பிரான்சிஸ் போர் என்ற வீரர் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டி, 1914 முதல் நிலைத்திருந்த சாதனையை முறியடித்தார். மறு ஆண்டே உலக சைக்கிள் சங்கம், சாய்ந்து ஓட்டும் வண்டிகளைப் பந்தயத்திலிருந்து விலக்கிவிட்டது. பந்தயத்துக்கு ஆகாதது என்றால் பயனற்றது என்று பொருளா? தாயின் அச்சத்துக்கு விடையாகப் பிறந்த அந்த அமர்வுதான் நமக்கு வேண்டியது.

உடல் என்னும் எஞ்சின்

எஞ்சினை அறியாமல் வண்டி அமைக்க முடியாது. நம் எஞ்சின் மனித உடல். பழகிய பந்தய வீரர் ஒரு மணி நேரம் தொடர்ந்து 300 வாட் ஆற்றலும் தருவார். நாம் கருதும் எளியவர் மூச்சு வாங்காமல் அரை மணி நேரம் தரக்கூடியது 75 வாட் என்று கொள்வோம். ஒரு மின்விசிறியை ஓட்டும் அளவுதான் அது! இச்சிறு ஆற்றலைச் சிந்தாமல் சக்கரத்துக்குக் கொண்டுசேர்ப்பதே வடிவமைப்பாளர் கடமை.

உண்ட உணவின் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே பெடலுக்கு வந்து சேரும், எஞ்சியது வெப்பமாகும். ஆகவே 75 வாட் தர, உடல் 300 வாட் செலவிடுகிறது. அரை மணி நேரத்துக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 130 கிலோ கலோரி. அதாவது இரண்டு மூன்று இட்லியின் ஆற்றல். பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் அறிவுறுத்தியது. நாளுக்கு அரை மணியாக ஐந்து நாள் ஓட்டினாலே அதன் கீழ்வரம்பு நிறைந்துவிடும். மிதமான பயிற்சி எது என்று அறிய எளிய வழி உண்டு. ஓட்டிக்கொண்டே பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது.

மேடு ஏறும் கணக்கு

பலமனேர், சித்தூரைவிட முந்நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்த இடம். இடையே மொகிலி மலைச்சாலை இருக்கிறது. எங்கள் ஊர்த் தெருக்களிலும் தோப்புப் பாதைகளிலும் ஏற்ற இறக்கம் இயல்பு. ஆகவே நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயரும் மேடு ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

ஆளும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ என்க. மேடு பின்னோக்கி இழுக்கும் விசை 90இல் நூற்றுக்கு ஐந்து, அதாவது 4.5 கிலோ. டயர் தரையில் உருள்வதால் ஏற்படும் தடை ஏறத்தாழ 0.7 கிலோ. ஆக 5.2 கிலோ விசையோடு வண்டியை முன்னே தள்ள வேண்டும்.

சாதாரணச் சைக்கிளில் பெடல் ஒரு முறை சுற்றினால் வண்டி ஏறத்தாழ 5.4 மீட்டர் ஓடுகிறது. அதே ஒரு சுற்றில் பாதம் செல்லும் தொலைவோ 1.07 மீட்டர்தான். 5.2ஐ 5.4ஆல் பெருக்கி 1.07ஆல் வகுத்தால் வருவது 26. பாதம் சுற்று முழுதும் சராசரியாக 26 கிலோ விசை தந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது இதன் பொருள். "மேட்டில் மிதிக்க முடியாது" என்று சொன்னவர்கள் சோம்பேறிகளா? அவர்கள் சொன்னது கணக்கின்படியே உண்மை அன்றோ?

இப்போது 20 அங்குலச் சக்கரத்தைக் கொள்வோம். அதன் சுற்றளவு ஏறத்தாழ 1.55 மீட்டர். பெடலிலும் 28 பல், பின்னே பெரிய பல்சக்கரத்திலும் 28 பல் வைத்தால், ஒரு மிதிக்கு வண்டி 1.55 மீட்டர் ஓடும். அதே மேட்டில் பாதம் தர வேண்டிய விசை 7.5 கிலோவாகக் குறைந்துவிடுகிறது! 75 வாட் ஆற்றலோடு, நிமிடத்துக்கு 57 சுற்று வீதம் மிதித்தால், மணிக்கு 5.3 கிலோமீட்டர் விரைவில் மேடு ஏறலாம். இது நடையைவிடச் சற்றே விரைவு. ஆனால் இறங்கித் தள்ள வேண்டியதில்லை.

சமதரை வந்ததும் செயினைப் பின்னே 14 பல் உள்ள சக்கரத்துக்கு மாற்றினால், ஒரு மிதிக்கு 3.1 மீட்டர் கிடைக்கும். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு 15 கிலோமீட்டர். விளையாட்டுக்கு இது போதும். இதற்கு மேல் விரைவை நாடினால் காற்று குறுக்கே நிற்கும். விரைவு இரு மடங்கானால் காற்றை வெல்ல வேண்டும் ஆற்றல் எட்டு மடங்காகும் என்பது இயற்கையின் சட்டம்.

ஓர் எச்சரிக்கை. சாய்ந்து அமரும் வண்டியில் முதுகு இருக்கையில் ஊன்றியிருப்பதால், உடல் எடையைவிட மிகுந்த விசையோடும் பெடலை உதைக்க முடியும். அது முழங்காலுக்குத் தீங்கு. எளிதான பல்சக்கரத்தில், விரைந்து சுற்றும் பழக்கமே நன்று.

விழாமல் திரும்புவது

மூன்று சக்கரம் நின்றிருக்கும்போது விழாது, திரும்பும்போது விழக்கூடும். ஒரு சக்கரத்தை முன்னும் இரண்டைப் பின்னும் வைப்பது ஒரு முறை. இரண்டை முன்னும் ஒன்றைப் பின்னும் வைப்பது மற்றொரு முறை. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னோக்கிச் சாய்கிறது. அங்கே ஒற்றைச் சக்கரம் இருந்தால் ஊன்றுமிடம் குறுகி, வளைவில் வண்டி எளிதில் கவிழும். இரண்டு சக்கரம் இருந்தால் எடை அகன்ற பக்கத்துக்கே செல்லும். ஆகவே இரண்டாம் முறையை நான் தெரிந்துகொண்டேன்.

முன்சக்கரங்களின் இடைவெளி 80 சென்டிமீட்டர் என்றும், எடையின் மையம் பின்சக்கரத்திலிருந்து மூன்றில் இரண்டு பங்கு முன்னே இருக்கிறது என்றும் கொள்வோம். உயர்ந்த இருக்கையில் ஏறி அமர்ந்தால் அம்மையம் தரையிலிருந்து 100 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். ஐந்து மீட்டர் ஆரமுள்ள வளைவில், மணிக்கு 13 கிலோமீட்டர் விரைவிலேயே உள்பக்கச் சக்கரம் தரையைவிட்டு எழும். மையத்தை 55 சென்டிமீட்டருக்குத் தாழ்த்தினால் மணிக்கு 17 கிலோமீட்டர் வரை எழாது. வண்டியின் உச்ச விரைவே 15 என்று வைத்தோமாதலால், அத்தகைய வளைவில் அச்சமில்லை. அதைவிடக் குறுகிய வளைவில் விரைவைக் குறைத்தே திரும்ப வேண்டும்.

அப்படியானால் இன்னும் தாழ்த்தலாமே என்று கேட்கலாம். பந்தயத்துக்குரிய முச்சக்கர வண்டிகளில் இருக்கை தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திலேயே இருப்பதுண்டு. இளைஞர் அதில் அமர்வர், எழுவர். அறுபது வயதுப் பாட்டி அமர்ந்தால், எழுப்ப இருவர் வர வேண்டும்! ஆகவே இருக்கை நாற்காலியைவிடச் சற்றே தாழ்ந்து, 40 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். பொறியியலில் சிறந்த அளவு என்று தனியாக ஒன்று இல்லை. யாருக்குச் சிறந்தது என்பதே கேள்வி.

இரண்டு முன்சக்கரங்களைத் திருப்புவதில் ஒரு நுட்பம் உண்டு. வளைவில் உட்சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிச்சக்கரம் பெரிய வட்டத்திலும் செல்கின்றன. இரண்டும் ஒரே கோணத்தில் திரும்பினால் டயர் தரையில் தேயும். மிதிப்பவரின் ஆற்றலும் வீணாகும். உட்சக்கரம் சற்று மிகுதியாகத் திரும்புமாறு இணைப்புக் கம்பிகளை அமைக்க வேண்டும். மியூனிக் நகரத்து வண்டி செய்வோர் லாங்கென்ஸ்பெர்கர் குதிரை வண்டிக்காகக் கண்ட இம்முறைக்கு, 1818இல் ஆக்கர்மன் என்பவர் இங்கிலாந்தில் உரிமம் பெற்றார். அவர் பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது.

இறங்கும் கணக்கு

ஏறியது இறங்கத்தானே வேண்டும்? பத்து மீட்டர் உயரத்திலிருந்து பிரேக் இன்றி உருண்டால், தடைகளை நீக்கிக் கணக்கிட, விரைவு மணிக்கு 50 கிலோமீட்டர் ஆகிவிடும். நல்ல பிரேக் இருந்தால், மணிக்கு 15 கிலோமீட்டரில் வரும் வண்டி மூன்று மீட்டரில் நிற்கும். 50இல் வந்தால் அதே பிரேக்குக்கு 33 மீட்டர் வேண்டும். ஆகவே இறக்கத்தின் தொடக்கத்திலேயே பிடிக்கப் பழக வேண்டும். முன்சக்கரங்கள் இரண்டுக்கும் பிரேக் வேண்டும். அவை தவறினால் உதவப் பின்சக்கரத்துக்குத் தனியாக ஒன்று வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் வண்டி உருளாதிருக்கப் பிரேக்கை அழுத்தி நிறுத்தும் ஒரு கொக்கியும் தேவை.

எதைக் கொண்டு செய்வது?

சட்டத்துக்கு எஃகுக் குழாய் போதும். அதைப் பற்றவைக்கத் தெரிந்தவர்கள் சிற்றூர்களிலும் உள்ளனர். பின்சக்கரம், பெடல், பல்சக்கரத் தொகுதி, பிரேக் ஆகியவை சைக்கிள் கடையில் கிடைப்பவையே. 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை தோன்றிய காலம் முதல் இன்று வரை, நம் பக்கத்தில் சைக்கிள் பாகத்துக்கும் பழுது பார்ப்பவருக்கும் பஞ்சம் இல்லை. பெடல் முன்னே இருப்பதால் செயின் நீளமாக வேண்டும்; சைக்கிள் செயின்களைக் கோத்துக்கொள்ளலாம். சேலையோ தாவணியோ சிக்காதிருக்கச் செயினைக் குழாய்க்குள் செலுத்தி, முன் பல்சக்கரத்தை முழுதும் மூடிவிட வேண்டும். இதை அலங்காரம் என்று கருதி விட்டுவிடக் கூடாது.

முன்சக்கரங்களில் மட்டும் கவனம் மிகுதியாக வேண்டும். சைக்கிள் சக்கரத்தின் அச்சை இரு பக்கமும் கவை தாங்குகிறது. நம் வண்டியில் ஒரு பக்கம் மட்டுமே தாங்கும். சைக்கிளின் மெல்லிய அச்சைப் பொருத்தினால் வளைந்துவிடும். சக்கர நாற்காலியின் சக்கரத்தில் உள்ளதைப் போன்ற தடித்த அச்சு வேண்டும். மேலும், சைக்கிள் வளைவில் தானே சாய்ந்துகொள்ளும். மூன்று சக்கர வண்டி சாயாது. பக்கவாட்டு விசை முழுவதையும் ஆரக்கம்பிகளே தாங்குகின்றன. சிறிய சக்கரத்தில் ஆரக்கம்பி குட்டையாதலால் உறுதி மிகும். 20 அங்குலத்தைத் தெரிந்துகொண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

கால் இயங்காதவர்களை மறத்தல் தகாது. அவர்கள் கையால் சுழற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டிகளை நம் தெருக்களில் காண்கிறோம். 1972இல் நிறுவப்பட்ட கான்பூர் செயற்கை உறுப்புகள் உற்பத்திக் கழகம் அத்தகைய வண்டிகளைச் செய்து வருகிறது. கையின் ஆற்றல் காலின் ஆற்றலைவிடக் குறைவு. ஆகவே பல்சக்கர மாற்றம் கால் வண்டியைவிடக் கைவண்டிக்கே இன்றியமையாதது. நம் சட்டத்தில் பெடலை உயர்த்திக் கைப்பிடியாக மாற்றும் வசதி இருந்தால், அவர்களும் நம்மோடு விளையாடலாம்.

எவரையும் ஏற்றுமுன் செய்ய வேண்டிய சோதனைகள் மூன்று. இருக்கையில் 120 கிலோ மணல் மூட்டை ஏற்றி ஒரு நாள் நிறுத்தி, சட்டமும் அச்சும் வளைந்தனவா என்று பார்க்க வேண்டும். அதே சுமையோடு சரிவில் நிறுத்தி, பிரேக் தாங்குகிறதா என்று அறிய வேண்டும். பின்னர் பழகிய ஒருவர் தலைக்கவசம் அணிந்து, திடலில் வளைவுகளை மெல்ல மெல்ல விரைவு கூட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும்.

விளையாட்டு எங்கே?

பொங்கல் விழாவில் மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் போட்டி வைப்பதுண்டு. கால் ஊன்றாமல் கடைசியில் வருபவரே வென்றவர். நம் வண்டியில் அப்போட்டி நடவாது. நாள் முழுதும் நின்றாலும் விழாதே! நீர் நிரம்பிய குவளையை மடியில் வைத்துச் சிந்தாமல் ஓட்டலாம். எட்டு வடிவில் கோடு போட்டுச் சக்கரம் மிதிக்காமல் சுற்றலாம். பேரன் கடினமான பல்சக்கரத்திலும் தாத்தா எளிதான பல்சக்கரத்திலும் மேடு ஏறிப் போட்டியிடலாம். வயது வேறுபட்ட இருவர் ஒரே ஆட்டத்தில் சமமாக நிற்கும் வாய்ப்பு இதைப்போல் வேறு எதில் உண்டு?

இடம் மட்டும் நெடுஞ்சாலை ஆகலாகாது. தாழ்ந்த வண்டி லாரி ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரிவது அரிது. பள்ளித் திடல், மாலைநேரச் சந்தைத்திடல், தோப்புப் பாதை இவையே தக்கன. அங்கும் வண்டியின் பின்னே உயரமான கம்பில் ஒரு கொடி பறக்கட்டும்.

ஒருவர் ஒரு வண்டி வாங்கிப் பூட்டிவைப்பதைவிட, ஊர்ப் பள்ளியிலோ நூலகத்திலோ நான்கு வண்டிகள் இருந்து, மாலைதோறும் முறைவைத்து ஓட்டுவதே நன்று. நம் பல்கலைக்கழகத்துப் பட்டறையில் பற்றவைக்கும் கருவி இருக்கிறது. கடைசல் பொறி இருக்கிறது. செய்முறைத் திட்டத்துக்குத் தலைப்புத் தேடும் மாணவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் நால்வர் முன்வந்தால், இங்கே சொன்ன அளவுகளைச் சோதித்து, குறைந்தால் திருத்தி, முதல் வண்டியை ஓராண்டுக்குள் உருவாக்கிவிடலாம். வரைபடத்தோடு நான் ஆயத்தமாக இருக்கிறேன். மேட்டைக் கண்டு இறங்கியவர்களையும், விழுவோம் என்று ஏறாதவர்களையும் ஏற்றிச் செல்லும் வண்டி அது. நண்பர்களே, கைகொடுக்க வாருங்கள்.